தண்ணியில ஊறுன அகப்பை

எனக்குக் கோவம் வந்தா வாய் பேசாது, பாத்திரம்தான் பேசும்னு எங்க ஊட்டுக்காரரு சொல்லுவாரு. சொல்லிட்டுப் போகட்டும். அந்த ரிசார்ட் மேனேஜர் பையன் போனை நீட்டிக்கிட்டு எங்க ஊட்டுக்குள்ள நுழைஞ்ச அன்னைக்கு வாயும் பேசியிருக்கணும். வாசல்லயே வெச்சு நாலு வார்த்தை நறுக்குனு கேட்டு அனுப்பியிருந்தா இந்தக் கூத்தே நடந்திருக்காது. நான் என்ன பண்ணேன்? உக்காருங்க தம்பின்னு சொல்லி டீ வெச்சுக் குடுத்தேன். தொட்டுக்க வர்க்கி வேற வெச்சேன்.

போன்ல ஒரு வீடியோ. சைனாவுல எதோ ஒரு ஊரு. ஆட்டுத்தோல் கோட்டும் வைக்கோல் தொப்பியும் போட்ட ஒரு ஆளு, உருகுன இரும்பை ஒரு மர அகப்பையில வாங்கி, ஓங்கி ஒரு உசரமான சுவத்து மேல வீசறாரு. இரும்பு சுவத்துல மோதிச் செதறி, மேல இருந்து கீழ வரைக்கும் பொறியாக் கொட்டுது. சனம் கத்துது. அங்க காலங்காலமா பண்டிகைக்கு இப்பிடித்தானாம், பட்டாசு மாதிரியாம். மேனேஜர் பையன் சொல்றான், "அங்கிள், நம்ம நியூ இயர் பார்ட்டிக்கு இதைப் பண்ணிட்டா செமையா இருக்கும். இந்தப் பக்கத்துல இரும்பு உருக்கறது நீங்க ஒருத்தர்தான்னு சொன்னாங்க."

எங்க ஊட்டுக்காரரு போனை வாங்கி வலது கண்ணுக்குக் கிட்டத்துல வெச்சுப் பாத்தாரு. மறுபடியும் பாத்தாரு. திருப்பிக் குடுக்க மனசே இல்ல. வர்க்கி டீயில ஊறிக் கரைஞ்சு போச்சு.

ஏன் வலது கண்ணுன்னு சொல்லணும். அவருக்கு இருக்கறதே அது ஒண்ணுதான். கோயமுத்தூர்ல ஒரு ஃபவுண்டரியில வேலை பாத்துக்கிட்டு இருந்தப்ப, சரியாக் காயாத மண் அச்சுல யாரோ இரும்பை ஊத்திட்டாங்க. மண்ணுக்குள்ள இருந்த ஈரம் ஆவியாகி, வெளிய போக வழியில்லாம, அம்புட்டு இரும்பையும் தூக்கி வெளிய அடிச்சிருச்சு. பக்கத்துல நின்னது இவரு. இடது கண்ணு போச்சு. அதுக்கப்புறம் குன்னூருக்குப் பக்கத்துல இருக்கற எங்க ஊட்டுக்கே வந்து, பின்னாடி ஒரு தகர ஷெட்டு போட்டு, குழி அடுப்பு வெட்டி, டீ ஃபேக்டரிக்காரங்க அடுப்புக்கு வேணுங்கற தட்டு, சாக்கடை மூடி இதெல்லாம் வார்த்துக் குடுத்துக்கிட்டு இருந்தாரு. ஈரம்னா அவருக்கு எமன். இந்த மலையில மழை, பனி, மூடுபனின்னு எப்பப் பாத்தாலும் எல்லாம் நசநசன்னுதான் இருக்கும். இவரு மண்ணைக் காய வெப்பாரு, கரண்டியைக் காய வெப்பாரு, உக்கார்ற பலகையைக் கூடக் காய வெப்பாரு. என் அடுப்பு மேல எப்பவும் சட்டிக்கு எடம் இருக்காது, இவரு சாமான்தான் காஞ்சுக்கிட்டு இருக்கும்.

நான் எப்பிடின்னா அதுக்கு நேர் எதிர். நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் வெடிமருந்து ஃபேக்டரியில வேலை பாத்தவ. கேட்டுல தீப்பெட்டி இருக்கான்னு தடவிப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவாங்க. தலையில இரும்பு ஊசி குத்தக் கூடாது. ஆணி வெச்ச செருப்பு கூடாது. ஒரு பொறி போதும், மேல போயிருவோம். பொறின்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குத் தண்ணி வாளியைத்தான் கண்ணு தேடும். தீவாளிக்கு எங்க ஊட்டுல மத்தாப்புக் கூடக் கொளுத்துனதில்ல. எம் பொண்ணு சின்னதுல அழுது பொரண்டிருக்கா, நான் அசையல. இப்பிடிப்பட்டவ கிட்ட வந்து, உம் புருசன் இருக்கற ஒத்தக் கண்ணையும் எடுத்துக்கிட்டு வந்து பொறி மழைக்கு அடியில நிக்கட்டும்னு கேக்கறான் அந்தப் பையன். சிரிச்சுக்கிட்டே கேக்கறான்.

அவன் போனதும் நான் சொன்னேன், "ஏனுங்க, உங்களுக்கு அறிவிருக்குதுங்களா?"

எங்க பக்கத்துல திட்டறதுன்னாலும் ங்க போட்டுத்தான் திட்டணும். கோவம் தலைக்கேறுறப்ப அது ஒரு பெரிய தொல்லை.

"அது நம்ம வேலைதான். கொஞ்சம் வேற மாதிரி, அவ்வளவுதான்"னாரு.

"கண்ணு போச்சுன்னா?"

"கண்ணாடி போட்டுக்குவேன்."

உலைக்காரங்க போடற நீலக் கண்ணாடி. ஹெல்மெட்டுல மாட்டி, வேணுங்கறப்ப கீழ எறக்கிக்கலாம், வேண்டாங்கறப்ப மேல தூக்கிக்கலாம். அந்தத் தூக்கிக்கறதுதான் எனக்குப் பயம். சொன்னேன். அவரு ஷெட்டுக்குப் போயிட்டாரு. சண்டைன்னா ஷெட்டுக்குப் போயிருவாரு, அதான் அவரு பதிலு.

மறுநாள்ல இருந்து சில்வர் ஓக் கட்டையில அகப்பை செதுக்க ஆரம்பிச்சாரு. நீளக் கைப்பிடி, நுனியில குழி. செதுக்குனதை எல்லாம் அடுப்பு மேல அடுக்கி எலும்பாக் காய வெச்சாரு. அப்புறம் ஷெட்டுக்குப் பின்னாடி இருக்கற கல்லுக் கட்டுல சோதனை. நான் வாளியோட நின்னேன். மூசைன்னு இரும்பு உருக்கற பானை, அதுல இருந்து உருகுன இரும்பை அகப்பையில கொஞ்சமா ஊத்துனாரு. ஊத்துன மறுநிமிசம் அகப்பை குப்புனு பத்திக்கிச்சு. வீசறதுக்குள்ள குழி ஓட்டையாயி இரும்பு கீழ ஒழுகி, பூட்ஸ் மேல விழுந்துச்சு. பூட்ஸோட நாக்கு பொசுங்கிக் காலும் பொத்துப் போச்சு. நான் மொத்த வாளியையும் அவரு கால்ல கொட்டுனேன். அதுக்கும் கத்துறாரு, "உலைகிட்டத் தண்ணி ஊத்தாதேடி!"ன்னு. காலு வேகுது, இவருக்குத் தண்ணி பட்டதுதான் குத்தம்!

இதோட விட்டுருவாருன்னு பாத்தேன். ஹூம். "கட்டை சரியாக் காயலை, இன்னும் காயணும்"னு சொல்லிட்டு, நொண்டிக்கிட்டே புதுசா அகப்பை செதுக்கறாரு. பத்திக்கிட்ட கட்டையை இன்னும் காய வெச்சா அது பத்தாம என்ன பண்ணும்? ஆனா ஃபவுண்டரிக்காரரு மூளையில காயணும்ங்கறதைத் தவிர வேற வழியே கெடையாது. ஈரம் கண்ணைப் பிடுங்குன மனுசன். அவரு கிட்டப் போய் என்னத்தைச் சொல்றது?

அந்த மேனேஜர் பையன் வேற நாளுக்கொரு தடவை வருவான். ஒரு நாள் செவப்புத் துணியில டிராகன் போட்ட பளபளா சட்டை ஒண்ணு கொண்டாந்தான். அங்கிள் இதைப் போட்டுக்கிட்டாத்தான் போட்டோவுக்கு நல்லா இருக்குமாம். தொட்டுப் பாத்தேன், சுத்த நைலான். ஒரு பொறி பட்டா தோலோட ஒட்டிக்கும். அவன் போனதும் அதுல அடுப்படியைத் தொடைச்சேன். அடுத்த தடவை வந்தப்ப வாசல்ல மிதியடியாக் கெடந்துச்சு, அவனே கால் தொடைச்சுட்டு உள்ள வந்தான். வெலிங்டன்ல பழைய சாமான் கடையில வாங்குன மிலிட்டரி கம்பளிக் கோட்டு ஒண்ணு ஊட்டுல இருந்துச்சு, அதுதான் போடணும்னு முடிவாச்சு.

கோட்டு உடம்பைக் காப்பாத்தும். கண்ணை?

யோசிச்சேன். அழுது பாத்தாச்சு, கத்திப் பாத்தாச்சு. பொண்ணை விட்டு போன்ல சொல்லியும் பாத்தாச்சு. அவ, "அம்மா, அப்பாவுக்கு ஆசையா இருக்குது, விடும்மா"ங்கறா. அவரு கிட்ட எடுபடறது ஒண்ணே ஒண்ணுதான். ஈரம். ஈரம் பட்ட கட்டையை உலைக்குக் கிட்டக் கூடக் கொண்டு போக மாட்டாரு. அவரு ரிசார்ட்டே கதின்னு கெடந்தாரு. அங்க அடுப்புக்குக் குழி வெட்டறதும், கரி எறக்கறதுமா. பொழுதோட வந்து சோத்தைத் தின்னுட்டுப் படுத்துருவாரு. ஒரு நாள் அவரு அந்தப் பக்கம் போனதும், அடுப்பு மேல இருந்த அகப்பை அத்தனையையும் அள்ளிக் கொண்டு போய் பாத்ரூமுக்குப் பின்னாடி இருக்கற மழைத்தண்ணி டிரம்முல போட்டேன். மெதந்துச்சு. மேல அம்மிக் குழவியை வெச்சு அமுக்குனேன். அகப்பை எங்கன்னு கேட்டாரு, எட்டத்துல பரண்ல காயுதுன்னேன். ஆமா, நான்தான் போட்டேன். பொய்யும் சொன்னேன். இன்னைக்கும் போடுவேன், இன்னைக்கும் சொல்லுவேன்.

பார்ட்டி அன்னைக்கு மத்தியானம் ரிசார்ட் ஜீப்புல வந்து எறங்கி, நேராப் பரணுக்கு ஏணி வெச்சாரு. நான் அடுப்படியில வெங்காயம் அரிஞ்சுக்கிட்டே இருந்தேன். பரண்ல ஒண்ணும் இல்ல. ஊடெல்லாம் தேடிட்டுப் பின்பக்கம் போனாரு. குழவி எறங்கற சத்தம் கேட்டுச்சு.

வந்தாரு. கையில அகப்பை, சொட்டச் சொட்ட. தண்ணி குடிச்சுக் கனத்துக் கருத்துப் போயிருந்துச்சு. அவரு மூஞ்சி எப்பிடி இருந்துச்சுன்னா, நான் வாழ்க்கைப்பட்ட நாள்ல இருந்து அப்பிடிப் பாத்ததில்ல.

"இதுல இரும்பு ஊத்துனா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதானே பண்ணே?"

"தெரிஞ்சுதான் பண்ணேன். இப்ப என்னங்க பண்ணுவீங்க? போய் முடியாதுன்னு சொல்லுங்க."

மேனேஜர் பையன் வாசல்ல நின்னுக்கிட்டு, "அங்கிள், கெஸ்ட் எல்லாம் வந்தாச்சு, பேனரெல்லாம் கட்டியாச்சு, உருக்க ஆரம்பிச்சாத்தான் நேரத்துக்கு ஆகும்"னான். பேனருல எங்க ஊட்டுக்காரரு போட்டோ போட்டிருக்காங்களாம். அதைக் கேட்டதும் அவரு நெஞ்சு நிமிந்துச்சு பாருங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்த ஈர அகப்பை அத்தனையையும் கட்டித் தூக்கி ஜீப்புல போட்டாரு.

ஐயோ கடவுளே! நான் அவரு கண்ணைக் காப்பாத்தறதுக்குப் போட்ட ஈரம். அவரு கண்ணைப் பிடுங்குன அதே ஈரம். அதைத் தூக்கிக்கிட்டுப் போறாரு, வீம்புக்கு!

வெங்காயத்தை அப்பிடியே போட்டுட்டு, செருப்பைக் கூட மாத்தாம ஜீப்புல ஏறுனேன். வழியெல்லாம் கெஞ்சுனேன். "வேண்டாமுங்க. நான் தப்பாப் பண்ணிட்டேன்னே வெச்சுக்குங்க. காலுல விழறேன்." ஜன்னலுக்கு வெளிய டீத் தோட்டத்தைப் பாத்துக்கிட்டே வந்தாரு. ஜீப்பை ஓட்டுன அந்தப் பையன் கண்ணாடியில எங்களைப் பாத்துட்டு ரேடியோ சத்தத்தைக் கூட்டுனான்.

ரிசார்ட்டுல போய் எறங்குனா, புல்தரையில நாற்காலி போட்டிருக்கான் பாருங்க, கல்லுச் சுவத்துக்கு நேரா, பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு. சென்னையில இருந்தும் பெங்களூர்ல இருந்தும் வந்த ஒறம்பரைங்க குல்லா போட்டுக்கிட்டு, கொழந்தைங்களோட உக்காந்திருக்காங்க. எனக்கு இருந்த ஆத்திரத்துல நாற்காலி ஒவ்வொண்ணாப் பிடிச்சுப் பின்னாடி இழுத்தேன். ஒரு அம்மா, "எக்ஸ்க்யூஸ் மீ, இது எங்க சீட்டு"ன்னாங்க. "சீட்டு அங்க இருக்கட்டும், நீங்க பின்னாடி வாங்க"ன்னேன். என் மூஞ்சியைப் பாத்துட்டு எழுந்திரிச்சு வந்துட்டாங்க. எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சிருந்தாங்க. ஒருத்தன், "அந்த அங்கிளுக்கு ஒரு கண்ணு இல்ல பாரு, செம லுக்கு"ன்னான். பக்கத்துல நான் நிக்கறது அவனுக்குத் தெரியாது. அவன் போனைப் பிடுங்கி உலையில போட்டிருப்பேன், எட்டலை.

பொழுது எறங்குச்சு. மூடுபனி கொஞ்சம் விலகி நல்ல குளிரு. கோட்டு, ஹெல்மெட்டு எல்லாம் போட்டுக்கிட்டு அவரு சுவத்துக்கு முன்னாடி வந்து நின்னாரு. என் பக்கம் ஒரு தடவை பாத்தாரு. நீலக் கண்ணாடியைக் கீழ எறக்குனாரு. ஷெட்டுல கூட வேலை செய்யறவரு மூசையைச் சாய்ச்சு அகப்பைக்குள்ள ஊத்தப் போனாரு.

நான் கண்ணை மூடிக்கிட்டேன். ரெண்டு கையையும் மூஞ்சி மேல வெச்சு இறுக்கிப் பொத்திக்கிட்டேன்.

சுர்ருனு ஒரு சத்தம். அவ்வளவுதான்னு நெனச்சேன். அப்புறம் பளார்னு சுவத்துல அடிச்ச சத்தம். அப்புறம் அம்புட்டு சனமும் ஒண்ணா, "ஆஆ"ன்னு. அலறலா, ஆச்சரியமான்னு எனக்குப் புரியலை. கை தட்டுனாங்க. மறுபடியும் சுர்ரு, மறுபடியும் பளார். கம்பளி பொசுங்கற வாடை வந்துச்சு. கொழந்தைங்க கத்துதுங்க. கண்ணைத் தொறக்கச் சொல்லி மனசு சொல்லுது, கை வர மாட்டேங்குது. ஒவ்வொரு வீச்சுக்கும், இது நல்லபடியாப் போச்சு, அடுத்ததுல போகப் போகுதுன்னேதான் நின்னேன். "ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர்"னு கத்துனானுங்க படுபாவிங்க.

முடிஞ்சதும் வந்து என் தோளைத் தட்டுனாரு. கண்ணு இருந்துச்சு. அது என்னைப் பாத்துச்சு. நான் அவரு நெஞ்சுல ஒரு குத்து விட்டேன், கம்பளிக் கோட்டுல கரித்தூள் பறந்துச்சு.

அகப்பை ஒண்ணு கூடப் பத்திக்கலை. தண்ணி குடிச்ச கட்டை வேகவே இல்லை. மண் அச்சுல மூடி இருக்கறதால ஆவிக்கு வழியில்ல, வெடிக்குது. அகப்பை தொறந்து கெடக்கறதால ஆவி புஸ்ஸுனு போயிருச்சுன்னு அவரே அப்புறம் சொன்னாரு. மேனேஜர் பையன் போனை நோண்டிட்டு ஓடி வந்தான். "அங்கிள், சைனாவுல கூட கட்டையை நாள்கணக்குல தண்ணியில ஊற வெச்சுத்தான் பண்றாங்களாம். உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

எங்க ஊட்டுக்காரரு தொண்டையைச் செருமிக்கிட்டு, "அதானுங்க, முன்னாடியே ஊறப் போட்டிருந்தோம்"னாரு.

போட்டிருந்தோமா? யாரு யாரு? எனக்கு வந்த கோவத்துக்கு அந்த எடத்துல ஒரு பாத்திரம் இல்லாமப் போச்சு.

ஊட்டுக்கு வந்து வெளிச்சத்துல பாக்கறேன், வலது புருவத்துல ஒரு கருப்புப் பொட்டு. முடி பொசுங்கித் தோல் வெந்திருக்கு. கண்ணுக்கு மேல ஒரு விரக்கடை கூட இல்ல. கண்ணாடி கீழ இருந்திருந்தா அங்க பொறி படவே முடியாது.

"கண்ணாடியைத் தூக்குனீங்களா?"

புருவத்தைக் கையால மறைச்சுக்கிட்டாரு.

"உங்களைத்தானுங்க கேக்கறேன். தூக்குனீங்களா?"

"வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து எல்லாத்தையும் நீலமாவே பாத்துக்கிட்டு இருக்கேன். அது என்ன நெறம்னு ஒரு தடவை பாக்கணும்னு இருந்துச்சு."

புண்ணுல தடவ எடுத்த பர்னால் டியூபைச் சுவத்துல அடிச்சேன். நெறம் பாக்கறாராம், நெறம்! ஒரு விரக்கடை எறங்கியிருந்தா எந்த நெறமும் இல்ல, காலத்துக்கும் இருட்டு. அந்தப் பேச்சை அவரு எப்ப எடுத்தாலும் நான் எந்திரிச்சுப் போயிருவேன். அந்த வீடியோவைப் பொண்ணு அனுப்பி வெச்சா, தொறக்கவே இல்ல. வருசம் போச்சு.

இப்ப மறுபடியும் அந்தப் பையன் போன் பண்ணியிருக்கான். இந்த வருசமும் வேணுமாம். அவரு உடனே சரின்னு சொல்லலை. "ஊட்டுல கேட்டுச் சொல்றேனுங்க"ன்னு சொல்லி வெச்சுட்டாரு. வெச்சுட்டு என்னையே பாக்கறாரு. நான் அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன். முடியாதுன்னு சொல்லிட்டேன். சரின்னுட்டு ஷெட்டுக்குப் போயிட்டாரு. சண்டையே போடலை.

அவரு போனதும் என்னமோ தோணுச்சு, வீடியோவைத் தொறந்தேன். திட்டறதுக்காகத்தான் தொறந்தேன், எங்க எப்பத் தூக்குனாருன்னு பாத்து வெச்சுக்கிட்டுத் திட்டலாம்னு. பொறி கொட்டுது. அவரு கண்ணாடியை மேல தூக்கறாரு. சுவத்தை ஒரு கணம் பாக்கறாரு. அப்புறம் சட்டுனு திரும்பி இந்தப் பக்கம் பாக்கறாரு. இங்க பாரு, பாருன்னு மோவாயை ஆட்டி யாரையோ கூப்புடறாரு. பின்னாடி அம்புட்டும் கொட்டிக்கிட்டு இருக்கு, அதை விட்டுட்டு இந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கறாரு. படம் ஓரத்துல ஒரு பொம்பளை வெங்காயக் கையோட மூஞ்சியைப் பொத்திக்கிட்டு நிக்கறா.

அறிவு கெட்ட மனுசன். இருக்கறது ஒண்ணு. அதையும் எதுக்குச் செலவு பண்றதுன்னு தெரியாத மனுசன்.

ஷெட்டுக்குப் போனேன். ஆணியில ஹெல்மெட்டு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. கண்ணாடியைக் கீழ எறக்கி, ரெண்டு பக்கமும் கட்டுக் கம்பி போட்டு, குறடு வெச்சு முறுக்கு முறுக்குனு முறுக்குனேன். இனி அவரு அப்பன் வந்தாலும் அதைத் தூக்க முடியாது. என்ன பண்றேன்னு பாத்துக்கிட்டே நின்னாரு.

"அகப்பையை நானே ஊறப் போடறேன்"னு சொன்னேன். "நீங்க நீலத்துக்குள்ளேயே நில்லுங்க. என்ன நெறம்னு நான் பாத்துச் சொல்றேன்."